பால்கனியை இன்னொரு ஹாலாக்குவதா, பால்கனியாகவே விடுவதா?

செங்காங் புதுவீடு:
அடுத்த மாதம் சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) சாவி கைக்கு வருகிறது. ஹாலை ஒட்டி சுமார் 7 சதுர மீட்டரில் ஒரு பால்கனி. தரைக்கு மரப்பலகை டைல்ஸ், தடுப்பை ஒட்டி எல் வடிவ சோபா, ஒரு மின்விசிறி, மழைக்குச் சுருட்டுத் திரை, மூலையில் துளசியும் மல்லிகையும் என்று ஆசை. நடுவிலிருக்கும் கண்ணாடிக் கதவையும் எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே ஹாலாகிவிடும் என்கிறார் டிசைனர். மாமியார் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "துணியை எங்கே காயப்போடுவது?" உங்கள் அபிப்பிராயம் சொல்லுங்கள்.

வெயில்பக்கம்:
என் ஓட்டு மாமியாருக்கு. சோபா கடையில் அழகாகத்தான் இருக்கும். விடியற்காலையில் சுமத்ரா காற்றோடு மழை அடித்தால் சாரல் பக்கவாட்டில் வரும். மெத்தை நனையும், பூஞ்சை பிடிக்கும், அப்புறம் அதைத் தூக்கிப்போட ஆள் தேட வேண்டும். கதவை எடுத்தால் ஏர்கான் ஊருக்கெல்லாம் சேர்த்து ஓடும். நிர்வாகத்தைக் கேட்காமல் அந்தக் கதவில் கை வைக்கவே வேண்டாம்.

மொட்டைமாடி ஏக்கம்:
இதே பல்லவிதான் எப்போதும்! ஊரில் மொட்டைமாடி இருந்தது. வடாம் காய்ந்தது, ராத்திரி பாய் விரித்துப் படுத்தோம். இங்கே நமக்கு வானம் என்று மிச்சமிருப்பதே அந்தப் பால்கனிதான். உள்ளே இருக்கும் சதுர அடிக்கும் வெளியே இருக்கும் சதுர அடிக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம்? அந்த விலைக்கு வாங்கிய இடத்தில் துணி உலர்த்தும் ஸ்டாண்டை நிறுத்துவானேன்? தாராளமாக அலங்கரியுங்கள் தங்கச்சி.

வெயில்பக்கம்:
காசு கொடுத்ததால் மட்டும் அது அறை ஆகிவிடாது அக்கா. வெட்டவெளியாக இருக்கும் என்பதால்தான் கட்டுநர்களுக்கு அனுமதித்த அளவுக்கு மேல் கூடுதல் தளப்பரப்பையே நகர மறுசீரமைப்பு ஆணையம் கொடுக்கிறது. முன்பு அது 10 விழுக்காடு வரை. 2019 ஜனவரி முதல் விண்ணப்பித்த திட்டங்களுக்கு 7 விழுக்காடு. ஒரு வீட்டின் பால்கனி, அந்த வீட்டின் உட்பரப்பில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அப்போது வந்ததுதான். சலுகை வெளியிடத்துக்கு; நாம் அதை அடைத்து உள்ளிடமாக்கப் பார்க்கிறோம். திரை போடலாம், ஆனால் முழுக்க இழுத்துவிட்டாலும் காற்று போகிற மாதிரி, அனுமதித்த டிசைனில் இருக்க வேண்டும். நிரந்தரமாகக் கண்ணாடி வைத்து அடைக்கிற வேலையே கிடையாது.

ரெண்டு வாலுகளின் அம்மா:
சட்டம் கிடக்கட்டும், அந்தச் சோபாவைத் தடுப்பை ஒட்டிப் போடப்போகிறீர்களே, அதைப் பேசுங்கள். இங்கே பால்கனித் தடுப்பு குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. சோபா இருக்கையே 40 சென்டிமீட்டர் வரும். அதன்மேல் பிள்ளை ஏறி நின்றால் மிச்சத் தடுப்பு 60 சென்டிமீட்டர்தான். மூன்று வயசுக்கு அது இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். நாற்காலி, பூந்தொட்டி ஸ்டாண்டு, எதுவானாலும் சுவர்ப் பக்கம் வையுங்கள். தொட்டியைத் தடுப்பின்மேல் உட்கார வைக்கவே வைக்காதீர்கள். கீழே நடந்து போகிறவர் தலைக்கு யார் பொறுப்பு?

தாழ்வாரத் தோட்டக்காரன்:
7 சதுர மீட்டரை வைத்துக்கொண்டு சண்டையா! நான் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில், வாசலுக்கு வெளியே இருக்கும் பொதுத் தாழ்வாரத்தோடு குடித்தனம் நடத்துகிறேன். அவசரத்தில் ஆள் வெளியேற 1.2 மீட்டர் வழி விட வேண்டும். டேப் வைத்து அளந்துதான் கறிவேப்பிலை, ஓமவல்லி, வெற்றிலைக்கொடி எல்லாம் சுவரோரம் நிற்கின்றன. கறிவேப்பிலைக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் மலாய்க்கார மக்சிக் (அத்தை) வந்தால் நான்கு கொத்து, கேட்காமலே ஒடித்துக் கொடுப்பேன். அலங்காரம் என்று நான் செய்தது தீபாவளிக்குத் தொங்கவிட்ட விளக்குச் சரம் மட்டும்தான். எனக்கு அந்தப் பால்கனி கிடைத்தால் ஹாலும் ஆக்க மாட்டேன், துணியும் போட மாட்டேன். முழுக்கச் செடிதான்.

வெயில்பக்கம்:
முழுக்கச் செடி என்றால் முழுக்கத் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. 20 காசு நாணயம் அளவு தண்ணீர் தேங்கினாலே டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும், ஒரு வாரத்தில் கொசு பறக்கும். தட்டைக் கூட எட்டிப் பார்த்துவிடலாம். எனக்குப் பயம் அந்த மரப்பலகை டைல்ஸ்தான். கீழே நீர்போக்கியை மறைத்துவிட்டு மேலே பளபளவென்று நிற்கும். உள்ளே இலையும் மண்ணும் அடைத்துத் தண்ணீர் நின்றாலும் தெரியாது.

தாழ்வாரத் தோட்டக்காரன்:
அதற்காகப் பலகையே வேண்டாமா? மாட்டிக் கழற்றுகிற சதுரப் பலகையாக வாங்கினால் போதும். நீர்போக்கி மேலிருக்கும் பலகையை மட்டும் தனியாக எடுக்க வர வேண்டும். வாரம் ஒருமுறை தூக்கிக் கழுவலாம். சிமெண்டு போட்டு ஒட்டுகிறேன் என்று காண்ட்ராக்டர் சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

செங்காங் புதுவீடு:
கதவு இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது, டிசைனருக்கு முகம் சுருங்கிப்போனது. துணிக்கு மேல்கூரையிலிருந்து இறக்குகிற கொடி போடலாமா? எங்கள் கொண்டோவில் வெளியே தெரிகிற மாதிரி காயப்போடக் கூடாதாம்.

ரெண்டு வாலுகளின் அம்மா:
போடலாம், துணி தடுப்பு மட்டத்துக்குக் கீழே இறங்குகிற மாதிரி பாருங்கள். மின்விசிறி வாங்கினால் வெளியிடத்துக்கென்றே செய்ததாக இருக்கட்டும். ஹால் விசிறியை மாட்டினால் சாரலில் மோட்டார் தாங்காது.

வெயில்பக்கம்:
எல்லாம் சரி, பால்கனி எந்தத் திசை என்று இதுவரை யாருமே கேட்கவில்லையே?

செங்காங் புதுவீடு:
மேற்கு.

வெயில்பக்கம்:
மேற்கா! மல்லிகை பூத்துத் தள்ளும். மனுஷர் உட்கார முடியாது. மூன்று மணிக்குத் தரையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், தெரியும்.

மொட்டைமாடி ஏக்கம்:
மூன்று மணிக்கு நாமெல்லாம் ஆபீஸில்தானே தம்பி இருக்கிறோம்? ஏழு மணிக்கு மேல் வெயிலா அடிக்கிறது? இரண்டு மடக்கு நாற்காலி போடுங்கள் தங்கச்சி, ஒன்றில் மாமியாரை உட்கார வையுங்கள். துணியும் அவர் கண்ணெதிரே காயட்டும்.