சாக்ஸா, லேசரா? ஜவுளிக்கடையில நிக்கிற கால்களுக்கு எது முதல்ல?

மாசிவீதி:
மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில நாள் முழுக்க நிக்கிற பொண்ணுங்களுக்குக் கெண்டைக்கால்ல ரத்தநாளம் (சிரை) நீலமாப் புடைச்சுச் சுருண்டா, அதாவது வெரிகோஸ் வந்தா, உடனே லேசர்ல சுட்டு மூடணும்னு போன இழையில பலர் எழுதிட்டாங்க. இது தப்பு. அசையாம நின்னா கணுக்கால் சிரையில அழுத்தம் 80–90 மி.மீ. பாதரசம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிழிஞ்சு மேல தள்ளும், 30க்குக் கீழ இறங்கிடும். அதனால முதல்ல கிளாஸ் 2 அழுத்த சாக்ஸ் (23–32 மி.மீ.), அரைமணிக்கு ஒருதரம் குதிகாலை 20 தடவை தூக்கி இறக்குறது, ராத்திரி காலுக்குத் தலையணை. 2021ல கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்கார இருக்கை கட்டாயம்னு ஆக்கியாச்சு, அதையும் கேட்டு வாங்கணும்.

வைகைக்கரை:
அண்ணே, 30க்கு இறங்கும்கிறது, சிரைக்குள்ள ரத்தம் கீழ திரும்பாம தடுக்கிற வால்வு நல்லா இருக்கிற காலுக்கு. தொடை இடுக்கு வால்வு போயிட்டா, தசை தள்ளுன ரத்தம் அந்த வழியாவே திரும்பக் கீழ விழும். கிணத்து மோட்டார்ல ஃபுட்வால்வு போன கதைதான். மோட்டார் ஓடும், தண்ணி நிக்காது. சாக்ஸ் போட்டிருக்கிற வரைக்கும் வீக்கம், கடுப்பு குறையும். வால்வைச் சரி பண்ணாது. இருக்கையும் பாதி உதவிதான். காலைத் தொங்கப்போட்டு அசையாம உட்கார்ந்தா தசை வேலை செய்யாது.

மாசிவீதி:
வால்வு போச்சுன்னு யார் சொன்னது? ரத்த ஓட்டத்தைக் காட்டுற டாப்ளர் ஸ்கேன்ல நிக்கவச்சுப் பார்த்து, பின்னோட்டம் அரை விநாடிக்கு மேல இருக்கணும். படுக்கவச்சே முடிச்ச ஸ்கேனை நம்பி நாளத்தை மூடக்கூடாது. கர்ப்பத்துல வந்த புடைப்பு பலருக்குப் பிரசவத்துக்கு அப்புறம் சில மாசத்துல தானா சுருங்கும்.

வைகைக்கரை:
அதை ஒத்துக்கிறேன். ஆனா பின்னோட்டம் உறுதியாகி, கணுக்கால் உட்பக்கம் கறுத்து அரிச்சா தள்ளிப்போடாதீங்க. அடுத்தது புண். 2018ல வெளியான பிரிட்டன் ஆய்வுல புண் உள்ள 450 பேர். எல்லாருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. நாளத்தைச் சீக்கிரமே மூடினவங்களுக்குப் புண் ஆற நடுமதிப்பு 56 நாள், தள்ளிப்போட்டவங்களுக்கு 82.
மூடுறதும் பெரிய ஆபரேஷன் இல்லை. முழங்கால் பக்கம் ஊசித் துளை, அது வழியா விடுற லேசர் ஃபைபரோட முனை, தொடை இடுக்குல அந்த நாளம் ஆழ்நாளத்தோட சேர்ற இடத்துக்கு 2 செ.மீ. கீழ. நாளத்தைச் சுத்தி மரப்பு மருந்து கலந்த சலைன் நிறைய ஏத்தணும். அது குறைஞ்சா தோல் சுடும். முழங்காலுக்குக் கீழ ரொம்ப இறக்கிச் சுட்டா பக்கத்து நரம்பு மரத்துப்போகும். அன்னைக்கே நடக்கலாம். ரத்தம் தசைக்கு நடுவுல ஓடுற ஆழ்நாளம் வழியாப் போயிடும்.

மேலூர்க்காரர்:
ரெண்டு பேருமே விட்டது ஒண்ணு. அந்த ஆழ்நாளம் திறந்திருக்கான்னு ஸ்கேன்ல பார்க்காம தோலுக்கடியில இருக்கிற மேல்நாளத்தை மூடக்கூடாது. சர்க்கரை உள்ளவங்க, பீடி பிடிக்கிறவங்க கணுக்கால் தமனி அழுத்தத்தைக் கையோட ஒப்பிட்டுப் பார்க்காம இறுக்கமான சாக்ஸ் போடக்கூடாது. தமனி அடைப்பு இருந்தா விரல் அழுகும்.
சாக்ஸும் கணுக்கால், கெண்டைச் சுற்றளவைக் காலையில அளந்து வாங்கணும், படுக்கையை விட்டு எழுமுன்னே போடணும். மேல்விளிம்பைச் சுருட்டி விட்டா அதுவே கயிறாகி இறுக்கும். சித்திரை வெயில்ல பாதிப்பேர் கழட்டி வச்சிடறாங்க. முழங்கால் வரைக்கும் உள்ளதே போதும், தொடைவரை வேண்டாம்.
புடைச்ச இடம் வெடிச்சு ரத்தம் பீச்சினா அதுக்கு மேல்பக்கம் காலைச் சுத்தித் துண்டை இறுக்கிக் கட்டாதீங்க, ரத்தம் கூடத்தான் வரும். படுக்கவச்சுக் காலைத் தூக்கி, அந்த இடத்திலேயே 10 நிமிஷம் விடாம அழுத்துங்க.

மாசிவீதி:
தமனி விஷயம் சரிதான் சார். அது தெரியாமலே மருந்துக்கடையில கிளாஸ் 2 வாங்கிடறாங்க. கருப்போ புண்ணோ இல்லாத காலுக்கு முதல்ல மூணு மாசம் சாக்ஸ்தான், அதை மட்டும் நான் மாத்திக்கல.

வைகைக்கரை:
மூணு மாசம் சரி, ஸ்கேன் முதல் வாரத்திலேயே எடுத்திருந்தா.