உள்ளேதான் டெலிவரி, ஆனாலும் ரெண்டு ஃபைன். கட்டணுமா, எதிர்க்கலாமா?

இரவுவண்டி:

வணக்கம் அண்ணன்மாரே. கனரக வண்டிக்குத் தடை இருக்கிற ரோட்டுல போனேன்னு எனக்கு ரெண்டு ஃபைன் வந்திருக்கு. ஒரே நாள், ஒரே லோடு. உள்ளே நுழையும்போது 10:12-க்கு ஒரு கேமரா, வெளியே வரும்போது 10:51-க்கு இன்னொண்ணு. போர்டுல 7.5 டன்னு போட்டிருக்கு. அதுக்குக் கீழ சின்னப் பலகையில "சரக்கு ஏற்ற, இறக்க வருபவை தவிர"ன்னும் இருக்கு. நான் போனதே அந்தத் தெருவுல இருக்கிற குடோனுக்கு டைல்ஸ் இறக்கத்தான்.

கடிதம் வண்டி ஓனர்ங்கிற முறையில கம்பெனிக்குப் போயிருக்கு. ஆபீஸ்ல ஏதோ ஒரு ட்ரேல கிடந்துட்டு, தள்ளுபடியில கட்டுற கெடு முடியப்போற சமயத்துல என் கையில கொடுக்கிறாங்க. "நாங்க கட்டிடுறோம், சம்பளத்துல பிடிச்சுக்கிறோம்"னு ஒரே வார்த்தை. ரூட் போட்டுக் கொடுத்ததே அவங்கதான்.

இன்னொரு சந்தேகம். வெளியே வரும்போது வண்டி காலி. காலி வண்டிக்கு எடைத் தடை எப்படிப் பொருந்தும்?

எந்த நாடுன்னு வேணும்னேதான் சொல்லல. எங்க கம்பெனியில தமிழ் பேசுற டிரைவர் ரெண்டே பேர். இன்னொருத்தரும் இந்த ஃபோரத்துல வர்றதைப் படிக்கிற ஆளு.

நியூட்ரல்:

கட்டிட்டுப் போ தம்பி. எதிர்த்து எழுதப் போனா தள்ளுபடியும் போயிடும். ஒரு நாள் லீவு போட்டா அதுலயே ஃபைன் காசு போச்சு. ஜிபிஎஸ் காட்டிச்சு, ஆபீஸ் சொல்லிச்சுன்னு எவ்வளவு பேர் எழுதிப் பார்த்துட்டாங்க, ஒண்ணும் நடக்கல.

பழையகிளீனர்:

நியூட்ரல் சொல்றது குறுக்குவழின்னு உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தவங்களுக்குச் சரி. தம்பி கதை வேற. போர்டே விலக்கு கொடுக்குது, அந்த விலக்குக்குள்ளதான் அவர் போயிருக்கார். இதைக் கட்டுறது தேவையில்லாத தண்டம்.

நான் இப்ப வண்டி ஓட்டுறதில்ல. ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல இந்த மாதிரிக் கடிதங்களுக்குப் பதில் எழுதுறதே என் பொழப்பு. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

கேமராவுக்குத் தெரிஞ்சது நம்பர் பிளேட்டும் நேரமும்தான். நீ எதுக்கு வந்தேன்னு அதுக்குத் தெரியாது. அதனால டெலிவரிக்கு வந்தவனுக்கும் நோட்டீஸ் போகும், திருட்டு வழி போனவனுக்கும் போகும். விலக்கு எனக்கு உண்டுன்னு காட்டுற பொறுப்பு நம்ம பக்கம். நியூயார்க் நகரத்துல லாரிக்குன்னு குறிச்ச பாதையை விட்டு இறங்குற டிரைவர், சரக்கு எங்கிருந்து எங்க போகுதுன்னு காட்டுற பேப்பரை வண்டியிலயே வச்சிருக்கணும்னு விதியே இருக்கு. உன் ஊர்ல அப்படி எழுதி வைக்கலேன்னாலும் கேட்கப்போறது அதே பேப்பரைத்தான்.

டெலிவரி நோட்டுல குடோன்காரர் ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சு ஒரு கிறுக்கல் கையெழுத்து போட்டிருப்பார். அது பாதிதான். நேரம் வேணும். 10:12-க்கும் 10:51-க்கும் நடுவுல உன் வண்டி அந்த குடோன் வாசல்ல நின்னுச்சுன்னு ஏதாவது ஒரு காகிதம் சொல்லணும். கம்பெனி டிராக்கர்ல வண்டி எங்க எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு தெரியும், அதைப் பிரிண்ட் எடுத்துக் கேளு. டேஷ்கேம் இருந்தா கார்டை உடனே கழட்டி வை. அது பழசை அழிச்சு அது மேலயே எழுதும், இந்நேரம் போயிருந்தாலும் ஆச்சரியமில்ல.

ரெண்டு கேமராவுக்கும் இடையில 39 நிமிஷம் இருக்கிறது உனக்குப் பெரிய பலம். குறுக்குவழி போறவன் நாலு நிமிஷத்துல அந்தப் பக்கம் போயிருப்பான். பதில் கடிதத்துல முதல் வரியே இதுவா இருக்கட்டும். நல்லவன், நாணயமானவன், இத்தனை வருஷ சர்வீஸ்னு தொடங்காதே. படிக்கிறவருக்கு அன்னைக்கு அந்த மாதிரி எத்தனையோ கடிதம்.

ரெண்டு நோட்டீஸுக்கும் தனித்தனியா பதில் போடணும். ரெண்டுலயும் மத்ததோட எண்ணைக் குறிப்பிட்டு, இது ஒரே டெலிவரி, போனதும் வந்ததும்தான்னு எழுது. ஒண்ணுக்கு மட்டும் எழுதிட்டு இன்னொண்ணு தானா அடங்கிடும்னு விட்டா, அந்த இன்னொண்ணுதான் வட்டி போட்டு வரும்.

காலி வண்டிங்கிற வாதத்தை மட்டும் கையில எடுக்காதே. எடைத் தடை எல்லாம் ஒரே மாதிரி இல்ல. பலவீனமான பாலத்துக்குப் போடுற தடை பல இடங்கள்ல அந்த நேரத்துல வண்டி உண்மையில என்ன கனம்னு பார்க்கும். குடியிருப்புப் பக்கம் லாரியே வேண்டாம்னு போடுற தடை அப்படிப் பார்க்காது. வண்டித் தகட்டுல அடிச்சிருக்கிற அதிகபட்ச மொத்த எடைதான் அங்க கணக்கு. 18 டன் வண்டி காலியா வந்தாலும் 18 டன் வண்டிதான். இதைப் போய் வாதமா வச்சா, "அப்போ போகும்போது லோடு இருந்துச்சுன்னு ஒத்துக்கிறீங்க"ன்னு மடக்குவாங்க. வெளியே வந்ததுக்கும் அதே டெலிவரி விலக்கைத்தான் கேட்கணும். உள்ளே விட்டவங்க வெளியேயும் விட்டுத்தானே ஆகணும்.

கடிதத்துல இருக்கிற தேதிகளையும் பாரு. சம்பவம் என்னைக்கு, கடிதம் போட்டது என்னைக்கு, பதில் கெடு என்னைக்கு. சில நாட்டுல நோட்டீஸ் அனுப்பவே கெடு உண்டு. இந்தியாவுல 2021-ல வந்த விதி, கேமராவுல சிக்கினதுக்கு 15 நாளுக்குள்ள நோட்டீஸ் போகணும்னு சொல்லுது. அதே விதி கேமரா இருக்கிற இடத்துல எச்சரிக்கைப் பலகை தெரியுற மாதிரி இருக்கணும்னும் சொல்லுது. உன் நாட்டுல என்னன்னு நோட்டீஸோட பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும். தள்ளுபடிக் கெடுவுக்குள்ள எதிர்த்து எழுதினா, முடிவு வர்ற வரைக்கும் தள்ளுபடி நிக்குமாங்கிறதும் அங்கயே இருக்கும். பணம் கட்டினா பல இடங்கள்ல கதை அதோட முடிஞ்சுது, அப்புறம் எதிர்க்க முடியாது. அதனால கம்பெனி "கட்டிடுறோம்"னு சொன்னதை இன்னைக்கே நிறுத்து.

கண்ணாடிபார்:

கிளீனர் அண்ணன் சொன்னதுக்கு மேல ஒண்ணு. சம்பளத்துல பிடிக்கிறது தனிச் சண்டை, ஃபைன் சரியா தப்பாங்கிறதோட அதைக் கலக்காதீங்க. வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல பிடித்தம் பத்தி என்ன எழுதியிருக்குன்னு எடுத்துப் படிங்க. ஆபீஸ் அனுப்பின ரூட் மெசேஜை அழிக்காதீங்க.

நான் லண்டன்ல ஓட்டுறேன். இங்க 18 டன்னுக்கு மேல உள்ள வண்டிக்கு இரவு 9 மணியிலிருந்து காலை 7 வரைக்கும், அப்புறம் சனிக்கிழமை மதியம் 1-லிருந்து திங்கள் காலை 7 வரைக்கும் கட்டுப்பாடு. 1985 உத்தரவு, இன்னும் ஓடுது. மெயின் ரோடு சிலதை விட்டு வச்சிருக்காங்க. அதுல முடிஞ்ச வரைக்கும் வந்துட்டு, தடை உள்ள தெருவுல குறைஞ்ச தூரம் மட்டும் போகணும். மீறினா கம்பெனிக்குத் தனி ஃபைன், டிரைவருக்குத் தனி ஃபைன். ரூட் போடுறவங்களுக்கும் பங்கு உண்டுன்னு சட்டமே நினைக்குதுன்னு அர்த்தம்.

உங்க கேஸ்லயும் அந்த "குறைஞ்ச தூரம்" கேள்வி வரலாம். மெயின் ரோட்டுலிருந்து குடோனுக்குக் கிட்ட இருக்கிற வாசல் வழியாத்தான் நுழைஞ்சீங்களா? ஒரு மேப் போட்டு அனுப்புங்க.

நியூட்ரல்:

அதெல்லாம் சரி. ஆனா பாதிப் பேரு கார் ஆப்பைப் போட்டுக்கிட்டு லாரி ஓட்டுறான். உயரம், அகலம், எடை ஏத்துற மாதிரி லாரி ஜிபிஎஸ் இருக்கு, அதுலயும் ஒரு தடவை அமைச்சதோட சரி, ட்ரெய்லர் மாறினாலும் மாத்துறதில்ல. அமெரிக்காவுல டர்ஹாம்னு ஒரு ஊர்ல ரயில் பாலம். மேல சிவப்பு விளக்கு, "உயரம் அதிகம், திரும்பு"ன்னு பளிச்சுனு எழுத்து, அப்படியும் லாரிங்க போய் இடிச்சு கூரை உரிஞ்சுது. கடைசியில 2019-ல பாலத்தையே எட்டு அங்குலம் தூக்கினாங்க. அப்புறமும் இடிக்கிறாங்க! போர்டு வச்சா மட்டும் என்ன பண்றது?

இரவுவண்டி:

நன்றி அண்ணே. நான் வச்சிருக்கிறது லாரி ஜிபிஎஸ்தான், ஆனா ஆபீஸ் அனுப்பின லொகேஷன் பின் குடோனோட முன்பக்க ஆபீஸ் கதவுல குத்தியிருக்கு. லோடு இறக்குற கேட்டு பின் தெருவுல. ரெண்டுமே தடைக்குள்ளதான் வருது.

டெலிவரி நோட்டுல ஸ்டாம்ப் இருக்கு, நேரம் இல்ல. இன்னைக்குக் குடோனுக்குப் போன் போட்டேன். கேட்டுல செக்யூரிட்டி ஒரு ரெஜிஸ்டர் வச்சிருக்கார், வண்டி நம்பர், உள்ளே 10:19, வெளியே 10:46ன்னு அவர் கையெழுத்துல இருக்கு. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பிட்டார், புண்ணியவான். ஆபீஸ்ல டிராக்கர் பிரிண்ட் கேட்டேன், "பார்க்கலாம்"னாங்க.

மேனேஜர்கிட்ட கட்டாதீங்கன்னு சொன்னதுக்கு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார். ஆனா கட்டல.

பழையகிளீனர்:

அந்த ரெஜிஸ்டர் பக்கம் போதும், டிராக்கருக்காகக் காத்திருந்து கெடுவை விட்டுடாதே. வந்தா அப்புறம் சேர்த்து அனுப்பலாம்.

நோட்டீஸ் கம்பெனி பேர்ல வந்திருக்கிறதால பதிலும் கம்பெனி பேர்லதான் போகணும். இல்லேன்னா அன்னைக்கு ஓட்டினது நீதான்னு அவங்க எழுதிக் கொடுத்து நோட்டீஸ் உன் பேருக்கு மாறணும். உன் பேருக்கு மாத்தச் சொல்றதுக்கு முன்னாடி யோசி, மாத்தின பிறகு அது முழுக்க உன் தலைவலி. நீயே வரைவு எழுதி மேனேஜர் கையில கொடு, கையெழுத்து மட்டும் போடச் சொல்லு. வேலை மிச்சம்னா எந்த மேனேஜரும் போடுவார்.

ரெஜிஸ்டர் போட்டோவுல மத்த வண்டி நம்பர், போன் நம்பரை மறைச்சுடு. தேதி தெரியுற தலைப்பு வரியை மட்டும் வெட்டிடாதே. ஆன்லைன்ல அனுப்பினா, சமர்ப்பிச்சதுக்கு வர்ற எண்ணோட ஸ்கிரீனைப் படம் எடுத்து வை. ரெண்டுக்கும்.