லேப்டாப் கிராபிக்ஸ் கார்டு கோடு போட்டால்: நம்ம மாவட்டத்துக்காரர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முட்டத்துக்காரன்:

மச்சான் குவைத்திலிருந்து லீவுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போன கேமிங் லேப்டாப் இது. 2013 வாக்கில் வந்த மாடல், தூக்கினால் கை கடுக்கும். நான் அதில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். ஆடிச் சாரல் நேரத்தில்தான் சேட்டை ஆரம்பித்தது. விண்டோஸ் லோகோ வரை ஒழுங்காக வரும். டெஸ்க்டாப் வந்ததும் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் கட்டம் கட்டமாக விழும். டைம்லைனைக் கொஞ்சம் இழுத்தால் அப்படியே உறைந்துவிடும். சேஃப் மோடில் மட்டும் படம் சுத்தம்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்காமல், "சிப் போச்சு அண்ணே. ரீபால் பண்ணணும், ஆறாயிரம் ஆகும். இல்லன்னா ஹீட் அடிச்சுத் தாறேன், ஆயிரத்து ஐநூறு. கேரண்டி மட்டும் கேக்கப்படாது" என்றான் பையன். ரீபால் என்றால் சிப்பைக் கழற்றி, அதன் அடியில் போர்டோடு பற்றவைத்திருக்கும் சால்டர் (பற்றவைக்கிற உலோகம்) உருண்டைகளைப் புதிதாகப் போட்டு ஒட்டுவது. கேரண்டி கேட்கக்கூடாத வேலைக்கு எதற்குக் காசு என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த 'ஹீட் அடிக்கிற' வித்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார்டை ஓவனில் வைத்து 200 டிகிரி போல் சுட்டால் உயிர் வந்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். 2006-இல் ஐரோப்பாவில் விதி மாறிய பிறகு இந்தப் பொருட்களில் பெரும்பாலும் ஈயமில்லாத சால்டர்தான். அது உருகவே ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். உருகாத சால்டர் எப்படிச் சரியாகும்? பல சமயம் கோளாறு சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள உருண்டைகளில் இருப்பதில்லை. சிப்புக்குள்ளேயே, சிலிக்கான் துண்டை அடித்தட்டோடு சேர்க்கிற நுண்ணிய சால்டர் புள்ளிகளில் விரிசல் இருக்கும். சூட்டில் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், படம் வரும், கொஞ்ச நாளில் பழைய குருடி கதவைத் திறடிதான். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே இந்த மாதிரி சிப் கோளாறுகளின் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. உள்ளே விரிசல் என்றால் வெளியே ரீபால் செய்தும் பயனில்லை.

அப்புறம் ஒரு நண்பன் சொல்லி மார்த்தாண்டத்தில் ஒரு அண்ணனிடம் போனேன். டிவி ரிப்பேரில் தொடங்கியவர், வாயைவிடக் கை அதிகம் பேசும். முதலில் அவர் கேட்டது, "தம்பி, கோடு விழும்போ ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்புல போடு." போட்டேன். அவருடைய போனிலும் அதே புள்ளிகள். "அப்போ டிஸ்ப்ளேயும் இல்ல, கேபிளும் இல்ல. கார்டுதான்." பேனலோ கேபிளோ கெட்டிருந்தால் ஸ்க்ரீன்ஷாட் சுத்தமாக வந்திருக்கும். பைசா செலவில்லாத சோதனை இது. நாகர்கோவில் கடையில் இதைக்கூடச் செய்யவில்லை.

என்னுடையதில் கார்டு தனியாகக் கழற்றக்கூடிய எம்எக்ஸ்எம் வகை, அது என் அதிர்ஷ்டம். சூட்டை வெளியேற்றுகிற ஹீட்சிங்க்கைத் தூக்கியதும், சிப்புக்கும் அதற்கும் நடுவில் பூசுகிற பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. மெமரி சிப்கள் மேல் இருந்த, சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேடில் ஒன்று பாதிதான் ஒட்டியிருந்தது. அவர் பூதக்கண்ணாடியை என்னிடம் தந்து அந்த ஓரத்தைப் பார்க்கச் சொன்னார். சிப்பின் பக்கத்தில் ஒரு கெபாசிட்டரின் காலில் பச்சைப் பூசணம் போல ஏதோ படிந்திருந்தது. "கடக்கரை வீடா?" என்றார். நான் வீடு எங்கே என்று சொல்லவே இல்லை.

பென் டிரைவில் இருந்து மேட்ஸ் என்ற மெமரி டெஸ்ட்டை ஓடவிட்டார். பிழை எல்லாம் ஒரே சிப்பில். அதுவும் பேட் பாதி ஒட்டியிருந்த அதே சிப். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பிரஷும் போட்டு அந்தப் பச்சையைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினார், பிழை போகவில்லை. பிறகு செத்துப்போன ஒரு கார்டிலிருந்து அதே நம்பர் மெமரி சிப்பை எடுத்து மாற்றினார்.

பொருத்துவதில்தான் அவர் அதிக நேரம் எடுத்தார். பேட் கனமாகப் போட்டால் ஹீட்சிங்க் மெமரி மேல் உட்கார்ந்துகொண்டு நடு சிப்பைத் தொடாது. ஸ்க்ரூவைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, உடனே கழற்றி, பேஸ்ட் முழுசாகப் பரவியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறமே நிரந்தரமாக மூடினார். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐநூறு. இப்போதும் அதில்தான் எடிட்டிங் ஓடுகிறது. சூடு ஏறாமலிருக்க ஃபிரேம் ரேட்டை 60-க்கு மேல் போகவிடாமல் வைத்திருக்கிறேன்.

தக்கலைக்காரர்:

ரீபாலையே வேண்டாம் என்று தள்ளிவிடாதீங்க. என் லேப்டாப்பை வேர்க்கிளம்பி பஸ்ஸில் கீழே போட்டுவிட்டேன். மூலையை அழுத்தினால் படம் வரும், விட்டால் போகும். அது உருண்டை விட்டுப்போன கேஸ். ரீபால் செய்த பிறகு தொந்தரவே இல்லை. ஆனால் ஒன்று, அழுத்திப் பார்த்து, சோதித்து, அப்புறம்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

குளச்சல் பிள்ளை:

பச்சை படிகிற கதை இங்கே வீட்டுக்கு வீடு. சீலிங் ஃபேன் ஸ்க்ரூவே துருப்பிடிக்கும் ஊர், லேப்டாப் எம்மாத்திரம். ஜன்னலோரத்தில் மேசை போட்டு கேம் ஆடினால் ஃபேன் உப்புக் காற்றைத்தான் இழுக்கும். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, காய நேரமே கிடையாது. நான் உபயோகிக்காத நேரத்தில் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். ஜெல்லை அப்பப்போ சூடாக்கி ஈரத்தை விரட்ட வேண்டும், இல்லையென்றால் சும்மா கல்லுதான்.

குலசேகரத்துக்காரன்:

எங்களுக்குக் கடல் இல்லை, ரப்பர் இருக்கிறது. ஷீட் அடிக்கிற கொட்டகைக்கு ஒட்டின அறையில்தான் என் லேப்டாப் இருந்தது. ரப்பர் பாலை உறைய வைக்கிற பார்மிக் ஆசிட்டின் ஆவி செம்பை அரிக்கக்கூடியது. ஹீட்பைப்பைத் திறந்தபோது கறுத்துக் கிடந்தது, ஃபேனில் புகைப்புரைக் கரி ஒரு அடுக்கு. என் கார்டு முழுசாகவே போய்விட்டது. ஆன்லைனில் பழைய எம்எக்ஸ்எம் கார்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா அண்ணே?

முட்டத்துக்காரன்:

வாங்குவதற்கு முன்னால் அளவைப் பாருங்கள். டைப் ஏ என்றால் 82க்கு 70 மில்லிமீட்டர், டைப் பி 82க்கு 105. பெரிய கார்டு சின்ன இடத்தில் உட்காராது. உட்கார்ந்தாலும் சில லேப்டாப்பின் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற அடிப்படை மென்பொருள்) வேறு கார்டை ஏற்காது. ஏற்றாலும் டிரைவர் இன்ஸ்டால் ஆகாமல் முரண்டு பிடிக்கலாம், எந்தெந்தக் கார்டுக்கு என்று எழுதியிருக்கும் அதன் ஐஎன்எஃப் ஃபைலில் கை வைக்க வேண்டி வரும். அதே மாடல் லேப்டாப்பிலிருந்து கழற்றிய கார்டு கிடைத்தால் இந்தத் தலைவலி பாதி குறையும். இதற்கிடையில் லேப்டாப் ஆன் ஆகி இன்டெல் கிராபிக்ஸில் படம் வருகிறதென்றால், டிவைஸ் மேனேஜரில் கெட்ட கார்டை டிஸேபிள் செய்துவிட்டு சாதாரண வேலைகளைப் பாருங்கள். கார்டைக் கழற்றி ஸ்கேல் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ போடுங்கள். ஹீட்சிங்க் துளை பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு விற்கிற ஆளுக்குக் காசு அனுப்பலாம்.