இன்வேட்டருக்குத் தமிழ்: ஆடலாக்கியா, மின்னாட்டியா?

அட்டனிலிருந்து:
நண்பர்களே, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேடு முடிக்க வேண்டும். பண்டாரவளையில் ஒருவர் பழைய வேனைத் தங்கும் வண்டியாக்கி, வீட்டுப் பிரிட்ஜையே உள்ளே வைத்திருக்கிறார். வயரிங் வேலை என் தொழிற்பயிற்சி வகுப்புப் பிள்ளைகளுடையது. பேட்டரி தருவது 12 வோல்ட் நேரோட்டம் (DC, ஒரே திசையில் ஓடும் மின்); பிரிட்ஜ் கேட்பது 230 வோல்ட் ஆடலோட்டம் (AC, திசை மாறி மாறி ஓடும் மின்). முன்னதைப் பின்னதாக்க நடுவில் நிற்கும் இன்வேட்டரைத் தமிழில் எப்படி எழுதுவது? போன தடவை 'மின்மாற்றி' என்று எழுதிவிட்டேன். இந்தியப் புத்தகத்தில் படித்த பிள்ளை டிரான்ஸ்போமரைக் கொண்டுவந்து பேட்டரியில் மாட்டியது. பியூஸ் போனதோடு தப்பினோம்.

பேராதனையிலிருந்து:
தம்பி, 'ஆடலாக்கி' என்று போடுங்கள். ஆடலோட்டம் நம் பாடநூல் சொல். ஆடலோட்டத்தை நேராக்குவது சீராக்கி. இது அதன் எதிர்வேலை.

பதுளையிலிருந்து:
சேர், எஞ்சினோடு சுற்றும் ஆல்டர்னேட்டரும் ஆடலோட்டத்தைத்தானே ஆக்குகிறது? டயோடுகள் அதைச் சீராக்கிய பிறகுதான் பேட்டரிக்குப் போகிறது. அப்போது ஒரே வேனில் இரண்டு ஆடலாக்கி. ஓடு–ஓட்டு, மாறு–மாற்று, ஆடு–ஆட்டு: தன்வினை பிறவினையாகும் வழி இருக்கும்போது நாம் ஏன் 'ஆக்கி'யைத் தேட வேண்டும்? ஒரு பக்கமாக ஓடும் மின்னைப் பிடித்து நொடிக்கு 50 தடவை ஆட்டுகிறது. 'மின்னாட்டி' என்போம்.

பேராதனையிலிருந்து:
சீமாட்டி, மனையாட்டி வரிசையில் மின்னாட்டியும் ஒரு பெண்ணாகத் தெரிகிறாள்.

பதுளையிலிருந்து:
அந்த ஆட்டி 'ஆள்' என்பதோடு 'தி' சேர்ந்து வந்தது. இது தொட்டிலை ஆட்டும் ஆட்டு. வேர் வேறு, சேர்.

நுவரெலியாவிலிருந்து:
அண்ணன்மாரே, என் கடைக்கு வருகிறவர்கள், லயத்துப் பாட்டி உட்பட, இன்வேட்டர் என்றுதான் கேட்கிறார்கள். சொல் எதுவானாலும் கணக்கைக் கையேட்டில் போடுங்கள். 12 வோல்ட், 200 அம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 2400 வாட்-மணி. ஈய அமில வகையைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். மிஞ்சும் 1200இல் பத்தில் ஒரு பங்கை இன்வேட்டரே தின்றுவிடும். நடுத்தரப் பிரிட்ஜுக்கு நாளுக்கு ஒரு யூனிட் (1000 வாட்-மணி) அளவு வேண்டும். எங்கள் குளிரில் கொஞ்சம் குறையும். வேன் அறுகம்குடாக் கடற்கரை வெயிலுக்கு இறங்கினால் கூடும். கம்பிரசர் கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும், சின்ன இன்வேட்டர் அங்கேதான் படுத்துவிடுகிறது. அலையும் சுத்தமான சைன் அலையாக இருக்க வேண்டும். படிக்கட்டு போல ஏறி இறங்கும் அலையில் மோட்டார் சூடாகி முனகும், கை வைத்தாலே தெரியும்.

அட்டனிலிருந்து:
நன்றி அக்கா, கணக்கு அப்படியே போகிறது. சொல்லுக்கு, பேராதனை சேர் சொன்ன ஆடலாக்கியையே எடுத்துக்கொள்கிறேன். அச்சகம் காலையில் கேட்கிறது. முதற்பக்கத்தில் 'ஆடலாக்கி எனும் இன்வேட்டர்' என்றும், அப்புறம் எல்லா இடத்திலும் ஆடலாக்கி என்றும் போடுகிறேன். ஆல்டர்னேட்டருக்கு மின்பிறப்பாக்கி. பதுளை அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதுளையிலிருந்து:
அச்சிடுங்கள், தம்பி. என் வகுப்புக் கரும்பலகையில் மின்னாட்டிதான் இருக்கும்.