அமன்டடின் மருந்து குறித்து ஒரு விளக்கம் தேவை

வணக்கம். 'ஹவுஸ்' என்ற அமெரிக்க மருத்துவத் தொலைக்காட்சித் தொடரின் நான்காவது சீசனை (2007–08) மீண்டும் பார்த்து முடித்தேன். எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்தால் 16 பகுதிகளோடு நின்றுபோன சீசன் அது. (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்கவும், முடிவைச் சொல்லியாக வேண்டியுள்ளது.) பேருந்தில் தும்மிக்கொண்டே சளிக்காய்ச்சல் மாத்திரையை (அதுதான் அமன்டடின்) வாயில் போடும் ஆம்பர் என்ற மருத்துவர் பாத்திரத்தின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அந்தப் பேருந்து விபத்துக்குள்ளாகி அவரது சிறுநீரகங்கள் சிதைந்ததால் அமன்டடின் உடலிலேயே தங்கி நஞ்சாகிவிட்டது என்றும், அது இரத்தப் புரதங்களோடு பிணைந்துகொள்வதால் டயாலிசிஸ் செய்தும் பயனில்லை என்றும் கதை சொல்கிறது. அம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் என்பதை அறிவேன். டயாலிசிஸ் பலிக்காததற்குப் புரதப் பிணைப்புதான் முதன்மைக் காரணமா, அல்லது மருந்து திசுக்களில் மிகுதியாகப் பரவித் தங்குவதா? சிறுநீரகவியலோ மருந்தியலோ பயின்றவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.