மிஷோ முதலாமவர் என்றால் ஃபாஸ்டர் யார்?

பழைய_ரீல்: "ஆஸ்கர் மிஷோதான் அமெரிக்காவின் முதல் கறுப்பின இயக்குநர்" என்று நேற்று வெண்திரை எழுதினார். ஆளாளுக்குக் கைதட்டியிருக்கிறீர்கள். சிகாகோவில் வில்லியம் ஃபாஸ்டர் 'ரெயில்ரோட் போர்ட்டர்' எடுத்தபோது மிஷோ கேமராவைத் தொட்டதே இல்லை.

வெண்திரை: அது சின்ன நகைச்சுவைப் படம் ஐயா. மிஷோவின் 'ஹோம்ஸ்டெடர்' 1919-இல் வந்த முழுநீளப் படம்.

பழைய_ரீல்: 'முழுநீளம்' என்ற சொல் நேற்று உங்கள் பதிவில் இருந்ததா? இல்லை. இரவோடு இரவாக முளைத்திருக்கிறது.

ஓரத்து_இருக்கை: மைக்கியாக்ஸ் என்றல்லவா சொல்ல வேண்டும்?

பழைய_ரீல்: பெயரையே வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வரலாறு எதற்கு? மிஷோ.

ஓரத்து_இருக்கை: கேட்டது குற்றமா? சென்ற மாதம் நீங்கள் அமெரிக்க இயக்குநர் கிரிஃபித்தை 'கிரிப்பித்' என்று எழுதியதை நான் பெரிதுபடுத்தவில்லையே.

வெண்திரை: மிஷோ ரயிலில் போர்ட்டராக இருந்தவர், தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழுதவர். லிங்கன் என்ற கறுப்பினப் பட நிறுவனம் அவருடைய 'ஹோம்ஸ்டெடர்' நாவலைப் படமாக்கக் கேட்டபோது, நானே இயக்குவேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஒத்துவரவில்லை. தெரிந்த வெள்ளைக்கார விவசாயிகளிடமே பங்கு விற்றுப் பணம் திரட்டினார். ஃபாஸ்டர் இதில் கால்வாசி செய்தாரா?

பழைய_ரீல்: நான் கேட்டது யார் முந்தினார் என்று. யார் அதிகம் உழுதார் என்று அல்ல.

கூடல்வாசி: மிஷோவைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். 1938-இல் அவருடைய 'காட்ஸ் ஸ்டெப் சில்ட்ரன்' வந்தபோது நியூயார்க்கில் கறுப்பின மக்களே எதிர்த்துக் கிளம்பினார்கள். வெளிர்நிறத்துக்கு ஒரு மதிப்பு, கருநிறத்துக்கு ஒரு மதிப்பு என்று படம் பிரித்துக் காட்டியது.

வெண்திரை: 1920-இல் கும்பல் கொலையைத் திரையில் காட்டும் துணிச்சல் யாருக்கு இருந்தது? மிஷோவின் 'விதின் அவர் கேட்ஸ்' பார்த்திருக்கிறீர்களா? தொலைந்தே போனது என்றிருந்த படம், ஸ்பெயினில் கிடைத்தது.

பழைய_ரீல்: கிடைத்தது 1920 படம். நீங்கள் தலையில் வைத்து ஆடும் 1919 படத்துக்குப் பிரதியே இல்லை. பார்க்காத படத்துக்குத்தான் இந்த மாலை மரியாதையா?

வெண்திரை: ஃபாஸ்டர் படச்சுருள் மட்டும் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதோ?

பழைய_ரீல்: அதுவும் தொலைந்துவிட்டது. அதனால் அவர் பின்னால் பிறந்தவர் ஆகிவிடுவாரா?

கூடல்வாசி: நிறவேற்றுமை பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வெண்திரை: 1931-இல் மிஷோவின் 'தி எக்ஸைல்'. கறுப்பினத்தவர் எடுத்த முதல் முழுநீளப் பேசும்படம். இதற்கும் ஃபாஸ்டரைக் கூட்டி வருவீர்களா?

பழைய_ரீல்: மறுபடியும் 'முழுநீளம்'! நேற்றைய பதிவைத் திருத்துங்கள், பிறகு பேசலாம்.

வெண்திரை: திருத்த மாட்டேன்.

ஓரத்து_இருக்கை: கிரிஃபித். ஒரு முறையாவது சரியாக எழுதுங்கள்.