பேக்கிங்கை வெளியே கொடுத்தவர்கள் சொல்லுங்கள்: இது என் அனுபவம்

சேலம், சேலை விற்பனை

இளம்பிள்ளைத் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து ஆன்லைனில் விற்கிறேன். 5 வருஷமாக வீட்டு ஹாலில் நானும் மாமியாரும்தான் பேக் பண்ணினோம். போன ஆடியில் ஒரு நாளைக்கு 40 ஆர்டர் தாண்டியது. பிள்ளைகள் படுக்க இடமில்லை, ஹால் முழுக்கப் பெட்டி. கோவை ஓரத்தில் இருக்கும் ஒரு ஃபுல்ஃபில்மென்ட் குடோனுக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சரக்கு அவர்கள் அலமாரியில் இருக்கும். ஆர்டர் விழுந்ததும் அவர்கள் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். ஆள் போய் எடுத்து, பெட்டியில் போட்டு, லேபிள் ஒட்டி, கூரியர் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். ஆர்டருக்கு ஒரு கட்டணம், அலமாரி இடத்துக்கு மாத வாடகை, ரிட்டர்ன் வந்தால் அதற்குத் தனி.

முதல் 10 நாள் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. ராமர் பச்சை கேட்டவருக்குக் கிளிப்பச்சை, கிளிப்பச்சை கேட்டவருக்குப் பாசிப்பச்சை. குடோனில் கேட்டால், "நீங்க கொடுத்த லிஸ்ட்ல மூணுக்கும் ஒரே கோடு நம்பர்தானே மேடம்" என்றார்கள். உண்மைதான். வீட்டில் மாமியார் ஆர்டர் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சரியான பச்சையை உருவி எடுத்துவிடுவார். எங்களுக்குக் கோடே தேவைப்பட்டதில்லை.

அதைவிடப் பெரிய அடி ரிட்டர்னில் விழுந்தது. மதுரையில் ஒரு அம்மா, மகளின் வளைகாப்புக்கு வாங்கினார். பிரித்தால் முந்தானை ஓரத்தில் மஞ்சள் கறை, துணியெல்லாம் சாம்பிராணி வாசம். யாரோ கட்டிவிட்டுத் திருப்பி அனுப்பிய சேலை. பெட்டி கிழியாமல் வந்ததால் குடோனில் ஸ்கேன் பண்ணித் திரும்பவும் அலமாரியில் வைத்துவிட்டார்கள். அந்த அம்மா திட்டவில்லை. "ஒருத்தர் கட்டிக் கழட்டினதை எம் பொண்ணுக்கு எப்படிம்மா கொடுப்பேன்?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவே பஸ் ஏறி, விடிகாலையில் புதுச் சேலையை அவர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்து மாமியாரை உட்காரவைத்து, "அத்தை, பேக் பண்ணும்போது கை என்னென்ன செய்யுதுன்னு சொல்லுங்க" என்று கேட்டு எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. முந்தானை மடிப்பை விரித்துப் பார்ப்பது, பிளவுஸ் துணி சேர்ந்திருக்கிறதா என்று நுனியைத் தொட்டுப் பார்ப்பது, ஜரிகை உள்பக்கம் போகும்படி மடிப்பது, 3 மாசமாக விற்காமல் இருப்பதை மடிப்பு மாற்றி வைப்பது. ஒரே மடிப்பில் நாள்கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் முறிந்துவிடும். இவற்றில் ஒன்றைக்கூட நான் குடோனுக்குச் சொல்லியிருக்கவில்லை. இப்போது போட்டோவோடு கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கோடு, தனித் தட்டு. ரிட்டர்ன் எதுவும் அலமாரிக்குப் போகக் கூடாது. வாரம் ஒரு முறை மூட்டையாக சேலத்துக்கே வந்துவிடும். செலவு கூடத்தான் ஆகிறது, இருந்தாலும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. சரக்கு வைக்கும் குடோன் முகவரியை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்க்க வேண்டும். ஆடிட்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெங்களூரிலும் வைக்கலாம் என்று ஆசை காட்டினார்கள்; அதற்குக் கர்நாடகாவில் தனி ஜிஎஸ்டி எண் எடுக்க வேண்டும் என்றதும் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

உங்களுக்கு எப்படிப் போகிறது?

திருப்பூர், பனியன், டி-ஷர்ட்

அக்கா, எனக்கு அடி விழுந்தது சிஓடியில், அதாவது பெட்டி கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் ஆர்டரில். வீட்டில் இருந்தவரை தம்பி ஒவ்வொரு சிஓடி ஆர்டருக்கும் போன் போட்டு "வேணும்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியை ஒட்டுவான். குடோனில் ஆர்டர் விழுந்த ஒரு மணி நேரத்தில் லேபிள் அடித்துவிடுகிறார்கள். வேகம் நல்லதுதான், ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லை. வாசலில் வாங்க மறுத்துத் திரும்பிய பெட்டிக்குப் போன கூரியர் காசு, வந்த கூரியர் காசு, குடோனில் பிரித்து வைக்கும் காசு மூன்றும் நம் தலையில்தான். 250 ரூபாய் டி-ஷர்ட்டில் அப்புறம் என்ன நிற்கும்? இப்போது சிஓடி ஆர்டர்கள் தம்பி 'சரி' கொடுக்கும்வரை குடோனுக்குப் போகாதபடி நிறுத்தி வைத்திருக்கிறோம். ஒரு நாள் தாமதம் ஆகிறது. திரும்பி வருவது நன்றாகக் குறைந்துவிட்டது.

மானாமதுரை, மண்பாண்டம்

எங்கள் ஊரில் சட்டியை வைக்கோல் திணித்துத்தான் கட்டுவோம். குடோன்காரர்கள் வைக்கோலை உள்ளே விடவே மாட்டேன் என்றார்கள். தீப்பிடிக்கும், பூச்சி வரும் என்றார்கள்; அது நியாயம். பதிலுக்குக் காற்றுப் பை வைத்தார்கள். சட்டி உள்ளே உருண்டு விளிம்பு உடைந்து போனது. நான் நேரில் போய் இடுப்பு உயரத்திலிருந்து பெட்டியைப் போட்டுக் காட்டினேன், 4 பெட்டியில் 3 உடைந்தது. பழைய அட்டைப்பெட்டியை நறுக்கி இறுக்கமாகத் திணித்தால் நிற்கிறது என்று அங்கேயே சேர்ந்து கண்டுபிடித்தோம்.

கூரியர் கணக்கையும் கவனியுங்கள். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். 2 கிலோ சட்டியை 30, 30, 25 பெட்டியில் போட்டால் நாலரைக் கிலோவுக்குக் காசு கொடுக்க வேண்டும். குடோனில் கையில் கிடைத்த பெட்டியில் போடுவார்கள். எந்தச் சட்டிக்கு எந்தப் பெட்டி என்று நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

விருதுநகர், இட்லிப்பொடி, பருப்புப்பொடி

சாப்பாட்டுச் சாமான் விற்பவர்கள் கவனிக்க: குடோனுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அந்த 14 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள். என் பொடிக்கு ஆயுள் 4 மாசம். அங்கே கடைசியாக வந்த பெட்டி முன்னால் இருந்ததால் அதையே எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பழசு பின்னால் தேங்கிவிட்டது. வாங்குபவர் கைக்குப் போகும்போது ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது காலாவதிக்கு 45 நாளாவது பாக்கி இருக்க வேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லியிருக்கிறது. தேங்கியதில் அது பாக்கி இல்லை. ஒரு மூட்டைப் பொடியைக் கொட்டினோம், அம்மா அழுதுவிட்டார். இப்போது பேட்ச் தேதியோடு உள்ளே ஏற்றி, முதலில் காலாவதியாவது முதலில் வெளியேறும்படி கம்ப்யூட்டரிலேயே அமைக்கச் சொல்லிவிட்டேன்.

சென்னை, குழந்தைகள் புத்தகம்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் குடோனின் தரைத்தளத்தில் தண்ணீர். என் புத்தகங்கள் கீழ்த்தட்டில் இருந்தன. ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான் இயற்கைச் சேதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை என்ற வரியைப் படித்தேன். குடோன் முகவரியைப் போட்டு நம் சரக்குக்கு நாமே இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், குடோன் சூப்பர்வைசர்

நான் அந்தப் பக்கத்து ஆள், 6 வருஷமாக. சேலம் அக்கா சொன்னதைப் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். பொருளை எடுக்கும் பிள்ளைகள் ஷிஃப்ட் முழுக்க நடந்துகொண்டே இருப்பார்கள். கையில் ஸ்கேனர், அது 'பீப்' என்றால் சரி. பட்டு எது, பாலியஸ்டர் எது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சாக்கு மூட்டையில் லேபிள் இல்லாமல் சரக்கு அனுப்பிவிட்டு, மறுநாளே விற்பனைக்கு வர வேண்டும் என்று கேட்பவர்கள் பலர். ஒவ்வொரு சேலையும் தனிக் கவரில், பார்கோடும் ஒரு சின்ன போட்டோவும் ஒட்டி வந்தால் தப்பு பெரும்பாலும் நடக்காது. ரிட்டர்ன் வந்தால் பிரித்துப் பார்க்க வேண்டுமா, யார் பார்ப்பது, அதற்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால், பெட்டியை மட்டும் பார்ப்பதுதான் எங்கள் வேலை. எழுதிக் கொடுங்கள் அக்கா, செய்வோம்.

சேலம், சேலை விற்பனை

தம்பி, மனசு விட்டு எழுதியதற்கு நன்றி. போட்டோ ஒட்டும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வாரம் போகும் 60 சேலைக்கு இன்றே ஆரம்பித்துவிட்டேன். மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். சரக்கு வண்டியோடு தானும் கோவைக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். பேக் பண்ணும் பிள்ளைகளுக்கு முந்தானையை எப்படி விரித்துப் பார்ப்பது என்று அவரே காட்டித் தரப்போகிறார். குடோனில் கேட்டேன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் தருகிறோம் என்றார்கள்.